அளக்கப் போன துகள் அளவை மாற்றிய கதை

பிளாஸ்டிக் உறைக்குள் ஓட்டைகள் உண்டு. பாலிமர் எனப்படும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எவ்வளவுதான் நெருக்கியடித்துக் கிடந்தாலும் நடுவே விழுந்துவிடும் இடைவெளிகள் அவை. ஆரம் 0.2 முதல் 0.5 நானோமீட்டர்தான். உறைக்குள் ஆக்சிஜன் புகுந்து முறுக்கு சிக்கு வாடை அடிப்பது இவற்றின் வழியாகத்தான்.

இவ்வளவு சிறிய இடைவெளியை அளக்க அறிவியலாளர்கள் கையில் எடுத்தது பாசிட்ரான். எலெக்ட்ரானுக்கு நிகரான எடை, எதிரான மின்னூட்டம். 1932இல் கார்ல் ஆண்டர்சன் இதைக் காஸ்மிக் கதிர்களில் கண்டுபிடித்தார். எலெக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டுமே அழிந்து காமா கதிர்களாகிவிடும். சில சமயம் அழிவதற்கு முன் இரண்டும் ஜோடி சேர்ந்து ‘பாசிட்ரோனியம்’ ஆகும். இதில் நீடித்து வாழும் வகை, வெற்றிடத்தில் சராசரியாக 142 நானோவிநாடி தாங்கும். பாலிமர் ஓட்டைக்குள் சிக்கினால் சுவரில் உள்ள எலெக்ட்ரான்கள் அதை ஒருசில நானோவிநாடிகளில் முடித்துவிடும். ஓட்டை பெரிதானால் ஆயுளும் கூடும்.

சோதனை எளிமையானது. கதிரியக்க சோடியம்-22 உப்பை கேப்டன் (Kapton) எனும் மெல்லிய தாளில் பொதிந்து, இரண்டு பாலிமர் துண்டுகளுக்கு நடுவே செருகுவார்கள். அந்த உப்பிலிருந்து பாசிட்ரான் கிளம்பும்போதே கூடவரும் 1.27 மெகா எலெக்ட்ரான்வோல்ட் காமா கதிரில் கடிகாரம் ஓடத் தொடங்கும். அழியும்போது வரும் 0.511 மெகா எலெக்ட்ரான்வோல்ட் கதிரில் நிற்கும்.

ஆயுள் ஓட்டையின் அளவைச் சொல்கிறது, சரி. நூறு பாசிட்ரான்களில் எத்தனை பாசிட்ரோனியம் ஆயின என்ற விகிதம் ஓட்டைகளின் எண்ணிக்கையைச் சொல்லுமா? சொல்லும் என்று பலர் கட்டுரை எழுதினார்கள். சிக்கல் அங்கேதான். கணக்கெடுக்கப் போனவரே வீட்டில் ஒரு ஆளாக உட்கார்ந்துவிட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

வேகமாக நுழையும் ஒவ்வொரு பாசிட்ரானும் வழியெல்லாம் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துக்கொண்டே போகிறது. திரவ நைட்ரஜன் அளவுக் குளிரில், அப்படிப் பிய்ந்தவற்றில் ஒரு பகுதி திரும்பிப் போக முடியாமல் சங்கிலிகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும். சோதனை மணிக்கணக்கில் நீளும்போது இவை சேர்ந்துகொண்டே போகும். பின்னால் வரும் பாசிட்ரானுக்கு ஜோடி சுலபமாகக் கிடைக்கிறது, பாசிட்ரோனியம் பெருகுகிறது. ஓட்டை ஒன்றுகூடக் கூடவில்லை! மாதிரியின் மீது விளக்கொளி பாய்ச்சினால் மாட்டியிருந்த எலெக்ட்ரான்கள் விடுபட்டு, விகிதம் இறங்கிவிடுகிறது. அணைத்தால் மறுபடி ஏறுகிறது. ஜப்பானின் ஹிராடேயும் டென்மார்க்கின் எல்ட்ரூப்பும் இதைத் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள்.

அறை வெப்பநிலையிலோ கதை தலைகீழ். பாலித்தீன் போன்றவற்றில் நேரம் போகப் போக விகிதம் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். தேங்கிய மின்னூட்டத்தின் புலம் ஜோடியைப் பிரிக்கிறது என்றது ஒரு தரப்பு. கதிர்வீச்சில் உண்டாகும் வேதித் துணுக்குகள் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கின்றன என்றது இன்னொரு தரப்பு.

உண்மையில், அந்தக் கேப்டன் தாளே எச்சரித்திருக்க வேண்டும். அதுவும் பாலிமர்தான், அதிலும் இடைவெளிகள் உண்டு. ஆனால் பாசிட்ரோனியம் அதில் உருவாவதே இல்லை என்பதால்தான் அதை உறையாகத் தேர்ந்தெடுத்தார்கள்!

ஆயுளை நம்பலாம். ஆனால் விகிதத்தை வைத்து ஓட்டைகளை எண்ணிச் சொல்லும் ஆய்வு கண்ணில் பட்டால், எத்தனை மணி நேரம், எவ்வளவு குளிரில், வெளிச்சத்திலா இருட்டிலா அளந்தார்கள் என்று பாருங்கள். அந்த விவரம் இல்லாத எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.