சாம்பலுக்குள் தூங்கிய நகரம்

ரொட்டிக் கடைக்காரர் அடுப்பில் 81 ரொட்டிகளை அடுக்கினார். அவற்றை வெளியே எடுக்க அவர் திரும்பி வரவே இல்லை!

சுமார் 1,800 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அடுப்பு திறக்கப்பட்டது. ரொட்டிகள் கரியாகியிருந்தன. ஆனால் உருவம் குலையவில்லை.

இந்த அதிசயம் நடந்த ஊர் பொம்பெயி. இத்தாலி நாட்டில், நேப்பிள்ஸ் நகருக்கு அருகே இருக்கிறது.

எரிமலை வெடித்தது

கி.பி. 79-ம் ஆண்டு. ஊருக்கு அருகே இருந்த வெசூவியஸ் எரிமலை வெடித்தது. முதலில் கல்மாரி பொழிந்தது. பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். வீட்டுக்குள் பதுங்கியவர்கள் மறுநாள் சிக்கிக்கொண்டார்கள். கொதிக்கும் சாம்பலும் புகையும் பாய்ந்து வந்து ஊரையே மூடிவிட்டன.

1748-ம் ஆண்டில் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். தெருக்களும் வீடுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

தெருவில் நடக்கலாம்

இன்று உலகமெங்கும் இருந்து மக்கள் இந்த ஊரைப் பார்க்க வருகிறார்கள். பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாகப் போவது நல்லது. பல வீடுகள் சிறியவை. ஐம்பது பேர் போனால் பாதிப் பேர் தெருவில்தான் நிற்க வேண்டும். பத்துப் பேர் என்றால் வழிகாட்டி சொல்வது எல்லோர் காதிலும் விழும்.

"கீழே பாருங்கள்" என்பார் வழிகாட்டி. கல் பதித்த தெருவில் வண்டிச் சக்கரங்கள் உருண்ட தடம் பள்ளமாகத் தெரியும். காலில் அழுக்குநீர் படாமல் தெருவைக் கடக்க, பெரிய கற்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நடுவே சக்கரம் போக இடைவெளி!

ஒரு வீட்டு வாசலில் சிறு கற்களைப் பதித்து நாயின் உருவம் செய்திருக்கிறார்கள். கீழே, "நாய் இருக்கிறது, ஜாக்கிரதை" என்ற எச்சரிக்கை!

இந்தியாவில் செய்த தந்தப் பதுமை ஒன்றும் 1938-ல் இங்கே கிடைத்தது. அது இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்கலங்க வைக்கும் உருவங்கள்

இறந்தவர்களின் உடல் மட்கிப்போனது. இறுகிய சாம்பலுக்குள் உடல் கிடந்த இடம் மட்டும் வெற்றிடமாக நின்றது. 1863-ல் பியோரெல்லி என்ற அறிஞர் அந்தப் பள்ளங்களில் சுண்ணச் சாந்தை ஊற்றினார். அது இறுகியதும் சாம்பலை அகற்றினார். மனித உருவம் வெளிப்பட்டது!

சங்கிலியில் கட்டிய நாய் ஒன்றின் உருவமும் பின்னர் கிடைத்தது. அதை அவிழ்த்துவிட யாரும் இல்லை.

சிரித்துப் பேசி வந்தவர்களும் இங்கே வாய் மூடி நிற்பார்கள்.

மீண்டும் அழியலாமா?

மண்ணுக்குள் இருந்தவரை ஊர் பத்திரமாக இருந்தது. வெளியே வந்த பிறகுதான் ஆபத்து! வெயிலும் மழையும் சுவர்களை அரிக்கின்றன. 1943-ம் ஆண்டுப் போரில் குண்டுகள் விழுந்தன. 2010-ல் பழைய கட்டிடம் ஒன்று இடிந்தது. பிறகு பெரிய அளவில் பழுது பார்த்தார்கள்.

பார்க்க வருகிறவர்களாலும் சேதம்தான். கால்கள் தரையைத் தேய்க்கின்றன. கைகள் சித்திரங்களைத் தடவுகின்றன. அதனால் 2024 நவம்பரில், ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று கட்டுப்பாடு வந்தது.

ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. நாளை வரப்போகும் அறிஞர்களுக்காக அது காத்திருக்கிறது.

நினைவுக்காகக் கல்லை எடுத்துச் சென்ற சிலர், பல ஆண்டுகள் கழித்து, மன்னிப்புக் கடிதத்துடன் அதைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பொம்பெயிக்குப் போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கொண்டு போகட்டும். நிழல் குறைவு. திரும்பும்போது கண்ணில் கண்டதை மட்டும் கொண்டு வரட்டும். சாம்பல் காத்துக் கொடுத்ததை மனிதன் கெடுக்கலாமா?