ஒழுகும் குழாயும் இருவர் கடமையும்

வாடகை வீட்டில் நீர்க்குழாய் பழுதுபடின், அதனைச் செப்பனிடும் கடமை யாரைச் சார்ந்தது? உரிமையாளரும் குடியிருப்போரும் ஒருவரையொருவர் சுட்டி வாளாவிருப்பின், நீர் வீணாகும். சுவரும் ஈரம் ஊறிக் கேடுறும். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருவர் கடமையையும் வகுத்துரைக்கின்றது. ஒப்பந்தத்தில் வேறு வகையாகக் கூறப்படாவிடின், பழுதான நீர்க்குழாய்களை மாற்றுதல் உரிமையாளர் கடமை. திருகுகுழாயையும் அதன் வாஷரையும் மாற்றுதல், வடிகாலைத் தூய்மை செய்தல், கைகழுவும் தொட்டியைச் செப்பனிடுதல் ஆகியவை குடியிருப்போர் கடமை. கட்டடத்தோடு நிலைத்திருப்பதை உரிமையாளரும், நாள்தோறும் கையாளுதலால் தேய்வதைக் குடியிருப்போரும் பேணுதல் முறையன்றோ? எனினும், சுவரினுள் கசியும் நீரை முதலிற் காண்பவர் அங்கு வாழ்பவரே. ஆதலின், கண்டவுடன் அறிவித்தல் அவர் பொறுப்பு. அறிந்தவுடன் செப்பனிடுதல் உரிமையாளர் பொறுப்பு.