அழாத பிள்ளையின் ஒரு துளி இரத்தம்

பிறந்த பிள்ளை உடனே அழவில்லை என்றால் பிரசவ அறையில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கும். துடைப்பார்கள், சூடாக்குவார்கள், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வைத்துக் காற்று ஊட்டுவார்கள். பிள்ளை மூச்சுவிட்ட பிறகுதான் கடினமான கேள்வி எழுகிறது: ஒட்சிசன் போதாமல் இருந்த நேரத்தில் மூளைக்கு என்ன ஆனது? இன்று அதற்குப் பதில் தருவது பெரும்பாலும் வைத்தியரின் கண்ணும் கையும்தான். கை கால் தளர்ந்திருக்கிறதா, உறிஞ்சுகிறதா, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்த்து, 1976 இல் சார்னட் தம்பதியர் வகுத்த படிநிலைகளில் பிள்ளையை வைப்பார்கள். அந்த அறிகுறிகளோ மணிக்கு மணி மாறக்கூடியவை. எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகச் சொல்லும். ஆனால் அது பெரிய வைத்தியசாலையில், சில நாட்கள் கழித்து எடுக்கப்படுவது. உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையை முடிவு செய்ய இருப்பதோ பிறந்ததிலிருந்து ஆறு மணிநேரம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வளைந்து வளைந்து பதுளைக்கு இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு ஆறு மணிநேரம் எவ்வளவு குறுகியது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இரத்தத்தில் உள்ள மூலக்கூற்று அடையாளங்களைத் தேடுகிறார்கள். மூளைக்கலங்கள் சிதையும்போது அவற்றின் புரதங்கள் கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. நரம்புக்கலங்களிலிருந்து யு.சி.எச்.-எல்1, அவற்றைத் தாங்கும் கலங்களிலிருந்து ஜி.எஃப்.ஏ.பி., நரம்பிழைகளிலிருந்து நியூரோஃபிலமெண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பிறப்பிடம் வேறு, இரத்தத்தில் தலைகாட்டும் நேரமும் வேறு. பெரியவர்களின் தலைக்காயத்துக்கு முதல் இரண்டையும் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 இல் அனுமதி அளித்தது. பச்சிளங்குழந்தையிடம் காரியம் அவ்வளவு எளிதல்ல. என்.எஸ்.ஈ. என்ற புரதம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. குதிகாலை அழுத்திப் பிழிந்து இரத்தம் எடுக்கையில் சில அணுக்கள் உடைந்தாலே அளவு ஏறி, இல்லாத மூளைச்சேதம் இருப்பதுபோலக் காட்டிவிடும். எஸ்100பி கொழுப்புத் திசுவிலிருந்தும் வரும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த எண் எந்த நேரத்தில், எப்படிப்பட்ட பிள்ளையிடம், எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

எப்படிப்பட்ட பிள்ளை என்பது எவ்வளவு முக்கியம் என்பதை நம் பிராந்தியமே காட்டியிருக்கிறது. உடல் வெப்பத்தை 33.5 பாகை அளவுக்கு இறக்கி 72 மணிநேரம் வைத்திருக்கும் குளிர்விப்புச் சிகிச்சை வளர்ந்த நாடுகளில் பல உயிர்களைக் காத்தது. 2013 ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வு 11 ஆய்வுகளையும் 1,505 குழந்தைகளையும் வைத்து அதை உறுதிசெய்தது. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய நிலையங்களில் 408 குழந்தைகளிடம் சோதித்தது ஹீலிக்ஸ் ஆய்வு. முடிவு 2021 இல் வெளியானது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதத்தினர் இறந்தனர். குளிர்விக்காதவர்களில் இறந்தவர்கள் 31 சதவீதத்தினர். இறப்பையும் கடும் ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47 சதவீதம். எந்த நன்மையும் இல்லை.

ஆய்வில் குழந்தைகள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள், பராமரிப்பில் குறை இருந்திருக்கலாம் என்று எதிர்வாதம் எழுந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 50 குழந்தைகளிடம் நடந்த சிறிய ஆய்வு, குளிர்விப்பால் மூளைச்சேதம் குறைந்ததாக எம்.ஆர்.ஐ. மூலம் காட்டியதும் உண்மை. ஆனால் இந்த முரண்பாடே என் வாதத்தை வலுப்படுத்துகிறது. வெளித்தோற்றத்தில் ஒரே நோயாகத் தெரிவது உள்ளே இரண்டு நோய்களாக இருக்கலாம். ஹீலிக்ஸ் குழந்தைகளின் இரத்தத்தில் எந்த மரபணுக்கள் விழித்திருந்தன என்பதை வளர்ந்த நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 2024 இல் வெளிவந்த ஆய்வு அந்தத் திசையையே காட்டியது. வளர்ந்த நாட்டுக் குழந்தைகளிடம் பிரசவ நேரத்தில் திடீரென நேர்ந்த ஒட்சிசன் இழப்பின் தடம் இருந்தது. தெற்காசியக் குழந்தைகளிடம் இருந்ததோ, தூக்கத்தில் மூச்சடைக்கும் பெரியவர்களிடம் காணப்படுவதைப் போல, விட்டு விட்டு நெடுநேரம் நீடித்த பற்றாக்குறையின் தடம். அப்படியானால் சேதம் பிரசவ அறைக்கு வருமுன்பே, கருவறையிலேயே தொடங்கியிருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை ஒன்று வருமானால், சேதம் உண்டா இல்லையா என்பதோடு அது நின்றுவிடக் கூடாது. எப்போது தொடங்கியது என்பதையும் அது சொல்ல வேண்டும்.

மலையகத்துக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. தோட்டப்புறத்தில் இரத்தச்சோகை பரவலாக உண்டு; எடை குறைந்த பிறப்பு நாட்டின் பிற பகுதிகளைவிட அதிகம். இரும்புச்சத்துக் குறைந்த தாயின் இரத்தம் குறைவான ஒட்சிசனையே சுமக்கிறது. விலை உயர்ந்த பரிசோதனையைப் பற்றிப் பேசுவதைவிட, குடும்பநல மாதுக்களுக்கும் அம்புலன்ஸுக்கும் தாய்மாரின் சாப்பாட்டுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாமே என்று கேட்பது நியாயம். அவை முதலில் வரவேண்டியவைதாம். ஆனால் இரண்டும் போட்டியாளர்கள் அல்ல. பிள்ளை பாதிக்கப்பட்டால், தாய் தாமதமாக வந்தாள், மாது கவனிக்கவில்லை என்று பழி உடனே யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. சேதம் வாரக்கணக்கில் வளர்ந்தது என்று இரத்தம் காட்டினால், கேள்வி லயத்துச் சமையலறையையும் சம்பளத்தையும் கர்ப்பிணிக் கிளினிக்கையும் நோக்கித் திரும்பும். சாப்பாட்டுக்கும் மாதுக்களுக்கும் பணம் கேட்பவர்களின் கையில் அதைவிட வலுவான சான்று வேறு இராது.

இப்படியொரு இரத்தப் பரிசோதனைக்கான பழக்கமும் நம்மிடம் உண்டு. பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் கண்டறிய, பிறந்த பிள்ளையின் குதிகாலில் எடுத்த இரத்தத்துளியை வடிதாளில் காயவைத்து அனுப்பும் முறை இலங்கை வைத்தியசாலைகளில் ஏற்கனவே நடக்கிறது. ஆகவே ஊவா மாகாணம் செய்ய வேண்டியது வெளிநாட்டில் செய்த கருவி வரும்வரை காத்திருப்பது அல்ல. பரிசோதனையின் அளவுகோல் வகுக்கப்படும்போதே நம் பிள்ளைகளின் இரத்தமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்து வகுத்த சிகிச்சை இங்கே என்ன செய்தது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டோம். பரிசோதனையிலும் அதே தவறு நேர்ந்தால், தெரியாமல் செய்தோம் என்று சொல்ல நமக்கு இடமில்லை.