மே மே, கீ கீ!

சென்ற ஆண்டு துர்கா பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பரணில் இருக்கும் வெண்கல உருளியை இறக்கித் தரும்படி அவன் அம்மா கேட்டாள். ஏணி வைத்து ஏறியவன், உருளியோடு ஒரு பழைய அட்டைப்பெட்டியையும் இறக்கினான். தூசியைத் தட்டித் திறந்தால், மஞ்சள் பூத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கம்பி சுற்றிய இரண்டு கைப்பிடிகள், ஒரு பொம்மைத் துப்பாக்கி, நான்கு கேஸட்டுகள். அவன் சிறுவயதில் விளையாடிய டி.வி. வீடியோ கேம்!

வாசகர்களில் நாற்பது வயதுக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் கை பரபரக்கும். என்னைப்போல அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பழைய கோபம்தான் ஞாபகம் வரும். அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவே அந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவனுக்கு ஒரு கருவியைத் திறந்து பார்க்காமல் அதைப் பற்றிப் பேச வராது.

கிதிர்ப்பூர் வழியாக வந்த விருந்தாளி

திருச்சியில் டிப்ளமா முடித்து 1980-ல் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்தேன். கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்திலேயே கிதிர்ப்பூர் துறைமுகம். அதை ஒட்டிய ஃபேன்சி மார்க்கெட்டில் கிடைக்காத வெளிநாட்டுச் சாமானே இல்லை என்பது அன்றைய கல்கத்தாவில் ஊரறிந்த சங்கதி. 1994-ல் பூஜை போனஸ் கைக்கு வந்த வாரம், ஒன்பது வயது மகனின் நச்சரிப்பு தாங்காமல் அங்கே போய், பேரம் பேசி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்கி வந்தேன்.

இதன் மூலவர் ஜப்பானில் இருக்கிறார். நின்டென்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ல் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கருவி அது. விலை 14,800 யென். வடிவமைத்த குழுவின் தலைவர் மசயுகி உயெமுரா என்ற என்ஜினீயர். 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது உருவத்தை மாற்றி, பெயரையும் மாற்றிக்கொண்டது. நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் மூலவர் அல்ல; அவரைப் பார்த்து வார்த்த உற்சவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படியொரு நகல்தான்.

நகலானாலும் உள்ளே இருந்த வித்தையைப் பாராட்டத்தான் வேண்டும். வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும், மலை, மேகம், கோட்டை, பாட்டு உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று என் பேரன் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் இப்படி நூறு மாரியோக்கள் உட்கார்ந்துவிடலாம். கேஸட்டின் மேல் மட்டும் '9999 விளையாட்டு' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

அதிகாரபூர்வமான கருவி வரவே இல்லையா என்றால், வந்தது. அதுவும் நம் கல்கத்தாக் கம்பெனி மூலமாகவே வந்தது. பாங்க்ஷால் தெருவில் தலைமையகம் கொண்டிருந்த ஷா வாலஸ் நிறுவனம், 1995-ல் ஜப்பானின் சேகா கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மெகா டிரைவ் என்ற கருவியை இந்தியாவில் விற்றது. அந்நாளில் இத்தகைய சாமான்களுக்கு இறக்குமதி வரி 80 சதவீதம். கருவியின் விலை 18,000 ரூபாய். என்னுடைய மூன்று மாதச் சம்பளம்! கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும், நான் அவன் தோளைப் பிடித்து டிராம் நிறுத்தத்துக்கு இழுத்துப் போனதும் ஞாபகம் இருக்கிறது.

ஃப்ரீ ஸ்கூல் தெருப் புத்தகங்கள்

விளையாட்டைவிட எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியவை அதைப் பற்றிய பத்திரிகைகள். இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாவிட்டால் கைப்பேசியில் தேடினால் போதும். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான்; நடுத்தர வீடுகளுக்கு அது எட்ட இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதுவரை வழி சொன்னவை பத்திரிகைகள்தான். இங்கிலாந்தில் 1981-ல் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' தொடங்கியது. 1986-ல் ஜப்பானில் 'ஃபேமிட்சு', 1988-ல் அமெரிக்காவில் 'நின்டென்டோ பவர்'. கட்டம் கட்டமாகத் திரையைப் படம் பிடித்து, ஒட்டி, முழு வரைபடமாகப் போடுவார்கள். எந்தச் சுவரை இடித்தால் வழி, எந்தக் குழாயில் இறங்கினால் குறுக்குப்பாதை என்று குறிப்புகள் இருக்கும்.

புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய புத்தகக் கடைகளிலும் கோல்பார்க் நடைபாதையிலும் ஆறு மாதம், ஒரு வருஷம் பழசானவை கிடைக்கும். பஸ் காசை மிச்சம் பிடித்து, நடந்தே போய் அவற்றை வாங்குவான். வங்காளிப் பையன்கள், மார்வாடிப் பையன், கரக்பூரிலிருந்து மாற்றலாகி வந்த தெலுங்குக்காரர் மகன் என்று ஐந்தாறு பேர் எங்கள் வீட்டுத் தரையில் கவிழ்ந்து படுத்து ஒரே பத்திரிகையைப் படிப்பார்கள். லோட்ஷெடிங் வந்தால் விளையாட்டு அணைந்துவிடும். படிப்பு மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொடரும். பாடப் புத்தகத்தை இப்படிப் படித்தால் ஆகாதா என்று நான் பொருமுவேன்.

எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளம், வீட்டில் மட்டும் பேச்சுத் தமிழ். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். ஆனால் "பாட்டிக்கு வாரம் பத்து வரி கடுதாசி எழுதுடா" என்று அவன் அம்மா கெஞ்சினால், நான்கு வரிக்குமேல் பேனா நகராது. இவனோடு நம் வீட்டுத் தமிழ் எழுத்து முடிந்துவிடும் என்று பேசிக்கொள்வோம். இந்த இதழைப் படிக்கும் எந்தப் பெற்றோருக்கும் அந்தப் பேச்சு புதிதல்ல.

நாற்பத்து நான்கு ரூபாய்

2001 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. அதற்கு முந்தைய அரையாண்டில் கணக்கில் 41 மதிப்பெண். பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் அவன் பள்ளிக்குப் போனபின், வாசலில் வந்த பிக்ரிவாலாவைக் கூப்பிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த பத்திரிகைகள் அத்தனையையும், கூடவே இருந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் நிறுத்துப் போட்டேன். பதினோரு கிலோ. கிலோ நான்கு ரூபாய்.

தராசில் ஏற்றும்போது ஒரு பத்திரிகை விரிந்தது. பக்க ஓரத்தில் பென்சிலால் தமிழில், "மே மே கீ கீ இ வ இ வ பி ஏ" என்று எழுதியிருந்தது. ஆடு கத்துவதுபோல இதென்ன கிறுக்கல் என்று நினைத்து மூடிவிட்டேன்.

மாலையில் வந்தவன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். அழவில்லை, சண்டை போடவில்லை. "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டான். தேர்வில் கணக்கில் 78 வாங்கினான். அது என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று பல வருஷம் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவன் வணிகவியல் படித்து, இன்று ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். அந்தப் பத்திரிகைகளைப் பற்றி எங்களுக்குள் மறுபடி பேச்சே எழவில்லை, சென்ற பூஜை வரை.

மறுபடி உயிர் வந்தது

பரணிலிருந்து இறங்கிய பெட்டியைப் பேரன் விடவில்லை. "தாத்தா, ரிப்பேர் பண்ணுங்க" என்றான். சால்டரிங் அயர்னை எடுத்தேன். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர் செத்திருந்தது. ஒரு கப்பாசிட்டரும் உப்பியிருந்தது. சாந்தினி மார்க்கெட்டில் இரண்டையும் வாங்கி மாற்றினேன். கேஸட்டை மகன் வாயால் ஊதப் போனான். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் செய்த காரியம். எச்சிலின் ஈரம் தாமிரப் பற்களை அரிக்கத்தான் செய்யும். எடுத்துச் செருகும்போது பற்கள் புதிதாகப் பொருந்துவதால்தான் வேலை செய்ததே தவிர, ஊதியதால் அல்ல. ரிலே கான்டாக்ட்டைச் சுத்தம் செய்வதுபோல ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். படம் வந்துவிட்டது!

வாத்து சுடும் விளையாட்டு மட்டும் புதிய தட்டை டி.வி.யில் நடக்கவில்லை. காரணம் வேடிக்கையானது. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்க இருளும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். இருட்டுக்குப்பின் வெளிச்சத்தைக் கண் பார்த்தால், குறி சரி. தண்டவாளத்தில் ஓடும் மின்னோட்டத்தை ரயிலே மாற்றித் தன் இருப்பைச் சொல்வதுபோல, இங்கே வாத்தே தான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. பழைய பிக்சர் டியூப் உடனுக்குடன் மின்னும். புதிய டி.வி. படத்தைச் செப்பனிட்டுச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தப்பிவிடுகிறது.

பிறகு கான்ட்ரா என்ற சண்டை விளையாட்டைப் போட்டார்கள். மூன்று உயிர்தான். பேரன் இரண்டு நிமிஷத்தில் மூன்றையும் இழந்தான். "இருடா, ஒரு மந்திரம் இருக்கு" என்று மகன் கைப்பிடியை வாங்கினான். "மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ." முப்பது உயிர் வந்துவிட்டது.

எனக்குச் சுரீர் என்றது. "மே மே கீ கீயா?" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

தராசில் பார்த்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "தமிழ்லதாம்பா எழுதி வெச்சிருந்தேன். பசங்க யாரும் படிச்சிடக் கூடாதுன்னு. எல்லா புக்லயும் ஓரத்துல இருக்கும். அந்த ரெண்டு நோட்டும் முழுக்கத் தமிழ்தான்."

சமையலறை வாசலில் நின்ற அவன் அம்மா, "பத்து வரி எழுதுன்னு கெஞ்சினேனேடா!" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டேன். யாரும் சொல்லாமல், தன் சொந்தக் காரியத்துக்காக, என் மகன் நோட்டு நோட்டாகத் தமிழ் எழுதியிருக்கிறான். அதைத்தான் நாற்பத்து நான்கு ரூபாய்க்கு நிறுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த மந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1986-ல் கிராடியஸ் என்ற விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, அதைச் சோதித்துப் பார்க்க முடியாதபடி கடினமாக இருந்ததால், தன் வசதிக்காக இந்த வரிசையை உள்ளே வைத்தார். வெளியிடும்போது எடுக்க விட்டுப்போயிற்று. எங்கள் தொழிலில் அப்படி விடுவது மகா பாவம். லண்டன் கிளாப்ஹாமில் 1988 டிசம்பர் 12-ல் ரயில்கள் மோதி 35 பேர் இறந்தது, மாற்றிய பழைய கம்பியை ஒழுங்காக அகற்றாமல் விட்டதால்தான். விளையாட்டில் விட்டுப்போனதோ, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முப்பது உயிர் கொடுத்தது.

குப்பையைக் காத்தவர்கள்

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை நம்மில் பலர் அறிவோம். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகங்களோடு, மற்றவர்கள் தூக்கியெறியும் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நம் கொல்கத்தாவிலும் ஒருவர் இருந்தார். பள்ளி ஆசிரியரான சந்தீப் தத்தா, கல்லூரித் தெருவை ஒட்டிய டேமர் லேனில் தம் வீட்டிலேயே 1978-ல் வங்காளச் சிறுபத்திரிகைகளுக்கு ஒரு நூலகம் தொடங்கி, 2023-ல் மறையும்வரை நடத்தினார்.

வீடியோ கேமுக்கும் இப்போது அத்தகையோர் வந்துவிட்டார்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காதாம். அதே அமைப்பு 2025 ஜனவரியில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் படிக்கும்படி திறந்துவிட்டது.

கிதிர்ப்பூர்ப் பெட்டியை நான் வாங்கிய வருஷத்து இதழ் ஒன்றை மகன் தேடி எடுத்துக் காட்டினான். அட்டை அதேதான், வரைபடம் அதேதான். ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பிள்ளைகளின் பழைய புத்தகங்களை நிறுத்துப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். படிப்புக்கு ஆகாத குப்பை என்று நீங்கள் நினைப்பவற்றை முதலில் புரட்டுங்கள். ஓரங்களையும் பாருங்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் பேரன் அந்த மந்திரத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னான். தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஹௌரா ஸ்டேஷன் போகும் டாக்ஸியில் அவன் அப்பாதான் விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தான். மே, கீ, இ, வ, பி, ஏ. ஆறு எழுத்து தேறிவிட்டது. இன்னும் இருநூற்று நாற்பத்தொன்றுதான் பாக்கி.