காலடியில் பூமி – 6: மேசைமேல் மூன்று வெள்ளைக் கற்கள்

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூவகையைப் போன வாரம் பார்த்தோம். பள்ளியில் படித்த யாரும் இதை ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஒரு கல்லைக் கையில் கொடுத்து, "இது என்ன?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். கற்களைத் தொடாமலே தேர்வு எழுதிவிட முடிகிறது என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

என் வகுப்பில் முதலில் மேசைக்கு வருபவை மூன்று வெள்ளைக் கற்கள். பக்கத்தில் ஓர் இரும்பு ஆணி, கண்ணாடித் துண்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கைலென்ஸ். பெயர் எதையும் சொல்வதில்லை. "எல்லாம் ஒண்ணுதானே சார்?" என்பார்கள் பிள்ளைகள். நிறத்தை மட்டும் நம்பினால் அப்படித்தான் தோன்றும்.

ஆணியால் கீறினால் ஒன்றில் மட்டும் கோடு விழும். அது கால்சைட். அமிலம் ஒரு சொட்டு விட்டால் அதன்மேல் நுரை பொங்கும்; வெளியேறுவது கரியமில வாயு. மற்ற இரண்டும் ஆணிக்கு அசையாமல், கண்ணாடியையே கீறிவிடும். ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவில் கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. பின்னிரண்டையும் பிரித்தறிய உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபெல்ட்ஸ்பாரை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், தட்டையான ஒரு தளம் முழுவதும் சட்டென்று மின்னும். குவார்ட்ஸில் அந்தத் தளமே கிடையாது. உடைந்த பாட்டில் அடியைப்போல வளைந்து வளைந்து உடைந்திருக்கும்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகு நான்காவதாக ஒரு வெள்ளைக்கல் வைப்பேன், சேலத்து மேக்னசைட். இதுவும் கார்பனேட்தான், ஆனால் குளிர்ந்த அமிலத்துக்கு அநேகமாக அசைந்துகொடுக்காது. பொடித்து, அமிலத்தைச் சூடாக்கினால்தான் பொங்கும். ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வாயால் சொல்வதைவிட இந்தக் கல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் இதிலிருந்துதான் தயாராகிறது.

இதுவரை பார்த்தவை கனிமங்கள். அடுத்து, அவை சேர்ந்து உருவாகும் பாறை. சென்னைப் பிள்ளைகளுக்கு அதைப் பெட்டியில் வாங்கிவரத் தேவையில்லை. பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னோக்கைட் என்ற பாறை. கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்திலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல்லும் இதே இனம். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னோக்கின் நினைவாகவே பாறைக்குப் பெயர் வைத்தார். இன்று பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

வெயிலும் மழையும் பட்ட புறமுகம் பழுப்பேறி ஏமாற்றும். புதிதாக உடைந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக மலையில் சுத்தியல் வைக்காதீர்கள், கட்டட வேலை நடக்கும் இடத்து ஜல்லிக் குவியலிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். கருநீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. லென்ஸில் நீலம் பாய்ந்த குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் தெரியும், நடுவே கரும்பழுப்புத் துணுக்குகள். அந்தத் துணுக்குதான் ஹைபர்ஸ்தீன். அதன் படிகத்தில் நீருக்கு இடமில்லை. பூமியின் அடியாழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில், நீர் அரிதான நிலையில் உருவான பாறை இது என்பதற்கு அதுவே சாட்சி. அது நடந்து சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேலிருந்த பல கிலோமீட்டர் பாறை அரித்துப்போன பிறகே இது வெளியே தலைகாட்டியது.

அடுத்த வாரம் கையில் காந்தத்தோடு சேலம் அருகிலுள்ள கஞ்சமலைக்குப் போவோம்.

(தொடரும்)