வயிற்றோட்டமும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும்

வன்னி நிலத்தில் மாரி பிறந்தால் குளங்கள் நிறையும், வயல்கள் செழிக்கும். வெள்ளம் மலக்குழிகளைத் தொட்டுக் கிணறுகளிற் கலக்குமாயின் வயிற்றோட்டமும் உடன் பரவும். 2009ஆம் ஆண்டில் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் முகாம்களில் இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழ நேர்ந்தபோதும் இந்நோய் அவர்களை வருத்தியது.

தயிர் வயிற்றுக்கு இதமானது என்பது தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. இன்று நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தூளாகவும் குளிசையாகவும் மருந்துக்கடைகளில் வாங்கலாம். இவற்றைப் புரோபயோட்டிக் என்பர். தொற்றினால் உண்டாகும் வயிற்றோட்டத்தை இவை தீர்க்குமா?

மனிதரின் குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நோய்க்கிருமி புகும்போது அக்குடியிருப்புக் குலைகிறது. நல்ல இனங்களை வெளியிலிருந்து சேர்த்தால், அவை கிருமிகளுக்கு இடமும் உணவும் கிட்டாதபடி தடுக்கும் என்பதே இம்மருத்துவத்தின் அடிப்படை. 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ் என்னும் அறிஞர் புளித்த பாலின் நன்மையை வலியுறுத்திய காலந்தொட்டு இக்கருத்து வளர்ந்து வந்திருக்கிறது.

கருத்து நன்று, சோதனையின் தீர்ப்போ வேறு. 2010இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகள், நோய் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகத் தணிவதாகக் காட்டின. ஆனால் 2018இல் ஐக்கிய அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் நடந்த பெரிய சோதனைகளில், நுண்ணுயிர் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 82 ஆய்வுகளை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டுக் கொக்கிரேன் தொகுப்பும், நோய் இரண்டு நாட்களுக்கு மேல் நீடிப்பதை இவை பெரிதும் மாற்றுவதில்லை என்றே கண்டது. நோய் வருமுன் காப்பதில் சிறு பயன் உண்டு. கொல்கத்தாவின் சேரிப்பகுதியில் 3,758 சிறுவரிடம் நடந்த சோதனையில், பன்னிரண்டு வாரம் நாள்தோறும் இத்தகைய பால்பானம் பெற்றவர்களிடையே வயிற்றோட்டம் 14 வீதம் குறைந்தது.

வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடல் இழக்கும் நீரும் உப்புமே. 1971இல் மேற்கு வங்காளத்தின் பொன்கான் அகதி முகாமில் கொலரா பரவியபோது, வைத்தியர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது. குளுக்கோசு உடன் இருந்தால் குடல் உப்பையும் நீரையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதே அதன் மருமம். இலங்கையில் ஜீவனி என்ற பெயரில் வழங்குவது இக்கரைசலே.

ஆகவே வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஜீவனி. பொதி முழுவதையும், அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுத்தல் வேண்டும். வைத்தியர் கூறும் நாகச் சத்தும் பயன் தரும். நீரை மறுத்தலும் உணவை நிறுத்தலும் தவறு, தாய்ப்பால் தொடரவேண்டும். உணவு உண்ணும் பிள்ளைக்குத் தயிரையும் சோற்றையும் கொடுக்கலாம். ஆயினும் தயிர் உணவாகுமேயன்றி ஜீவனிக்கு ஈடாகாது. மலத்தில் இரத்தம், குழிந்த கண், பருக இயலாமை, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

நோய் வராது காப்பன குளோரினிட்ட கிணறும், மூடிய மலகூடமும், சவர்க்காரமிட்டுக் கழுவிய கையுமே.