வழித்துணையாகும் கைப்பம்பு

தேர்வு நாள். மாணவன் ஒருவன் 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மிதிவண்டியில் விரைகின்றான். பாதி வழியில் கருவேல முள் ஒன்று பின்சக்கரத்தைத் துளைத்துவிடுகிறது. பழுது பார்க்கும் கடை கண்ணுக்கெட்டிய தொலைவில் இல்லை. ஒட்டுத் துண்டும் பசையும் அவன் பையில் உள்ளன. ஆயினும், காற்றுக்கு எங்கே செல்வான்? இத்தகைய வேளையில் உதவும் துணையே கைப்பம்பு.

முற்காலத்து மிதிவண்டிச் சக்கரங்களில் கெட்டி ரப்பரே பொருத்தப்பட்டிருந்தது. மேடு பள்ளங்களில் அவை உடலைக் குலுக்கின. பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரை அமைத்தார். 1888-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பயணம் இனிதாயிற்று. ஆனால், காற்றை நம்பியவர்க்குப் பம்பும் இன்றியமையாததாயிற்று.

பம்பின் அமைப்பு எளியது. நீண்ட குழலினுள் ஒரு தண்டு. அதன் முனையில் கிண்ணம் போன்ற வாஷர். பழைய பம்புகளில் இது தோலால் ஆனது. இக்காலத்தில் பெரும்பாலும் ரப்பரால் ஆனது. கைப்பிடியை இழுக்கும்போது, வாஷரின் விளிம்பு தளர்ந்து காற்றை முன்புறம் செல்லவிடுகிறது. தள்ளும்போது, விளிம்பு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னே செல்ல வழியற்ற காற்று, வால்வைத் திறந்து டியூபினுள் புகுகின்றது. புகுந்த காற்று மீளாதவாறு வால்வு மூடிக்கொள்கிறது.

பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அதன் வாய் நம் வண்டியின் வால்வுக்குப் பொருந்துமா எனப் பார்த்தல் வேண்டும். அடுத்து, குழலின் பருமனை நோக்க வேண்டும். பருத்த குழல் ஒவ்வொரு முறையும் மிகுந்த காற்றைத் தரும். ஆனால் மிகுந்த வலிமையையும் கேட்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தம் வேண்டுமெனக் கொள்வோம். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலில் ஏறத்தாழ 9½ கிலோகிராம் விசை போதும். 3 சென்டிமீட்டர் விட்டமாயின் 21 கிலோகிராம் விசை வேண்டும். ஆதலின், இளைஞர்க்கு மெலிந்து நீண்ட குழலே ஏற்றது. வளையும் இணைப்புக் குழாய் உடையதாயின், அடிக்கும் அசைவு வால்வை வருத்தாது.

பம்பின் பணி துளையை அடைத்த பின்பு தொடங்குவதன்று. முதலில் டியூபை வெளியே எடுத்துக் காற்றடைத்தால்தான் துளை தெரியும். அருகில் நீர் இல்லையேல், டியூபைக் கன்னத்தருகே கொண்டு சென்றால், கசியும் காற்று உணர்த்திவிடும். துளையைச் சுற்றித் தேய்த்து, பசை தடவி, அது சற்றே உலர்ந்த பின் ஒட்டை அழுத்த வேண்டும். டயரினுள் தங்கிய முள்ளை மறவாமல் நீக்க வேண்டும். இல்லையேல் உழைப்பெல்லாம் வீணாகும். பின்பு, டியூபில் சிறிதளவு காற்றடைத்து உள்ளே வைத்தால் அது மடியாது. டயர் சரியாக அமர்ந்ததைக் கண்ட பின்னரே முழுக்காற்றும் அடைத்தல் வேண்டும். கைப்பிடியை முழுதும் இழுத்து முழுதும் தள்ளுக. அரைகுறையாய்த் தள்ளினால், காற்று போதிய அளவு நெருக்கப்படாமையால் வால்வு திறவாது. அடிக்கும்போது குழலின் முனை சூடாகும்; நெருக்கப்படும் காற்று வெப்பமடைவதே அதற்குக் காரணம்.

பம்பை வைத்திருந்தால் மட்டும் போதாது. தோல் வாஷர் உலர்ந்து சுருங்கினால், எத்தனை முறை அடித்தாலும் காற்று ஏறாது. அவ்வப்போது சில துளி எண்ணெய் விட்டால் அது மென்மை பெறும். திங்களுக்கு ஒரு முறையேனும் பம்பை இயக்கிப் பார்த்தல் நன்று.

அம்மாணவன் அவ்வாறு பேணியவனாயின், சிறிது நேரத்தில் மீண்டும் வண்டியேறித் தேர்வு மணி ஒலிக்குமுன் பள்ளியை அடைவான். வீட்டில் இட்ட சில துளி எண்ணெய், வழியில் அவனைக் காத்தது. கருவியை நாம் பேணினால், தக்க நேரத்தில் கருவி நம்மைப் பேணும்.